நல்லதுக்கு அடிக்காத போன்

பிண வண்டி ஓட்டுகிறவரின் நம்பரை யாரும் ஆசையாகப் பேர் போட்டு வைத்துக்கொள்வதில்லை. தேவை வரும்போது ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து அடிப்பார்கள். காரியம் முடிந்த கையோடு அழித்துவிடுவார்கள். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், சும்மா இல்லையென்று தலையாட்ட வேண்டாம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்கள் வைத்த பேர்தான் நிலைத்தது. லாஸ்ட் பஸ். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே, அப்புறம் அவரே போனை எடுத்தால் "லாஸ்ட் பஸ் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எதிர்முனையில் அழுதுகொண்டிருப்பவர்கள் ஒரு கணம் அழுகையை நிறுத்துவார்கள். "அட்ரஸ் சொல்லுங்க" என்பார் இவர்.

அவருடைய போன் பட்டன் போன். சோப்புக்கட்டி கனம் இருக்கும். ஒரு தடவை வண்டியின் பின்கதவில் மாட்டி நசுங்கியதில் திரையின் மேல்பக்கம் மட்டும் கறுத்துப்போய், நடுவில் மணி மட்டும் கொட்டை எழுத்தில் தெரியும். மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அதில் வருகிற அழைப்புகள் உண்டு, போகிற அழைப்புகள் கிடையாது. முன்பொரு முறை பேன்ட் தைத்தாகிவிட்டதா என்று கேட்க டெய்லருக்குப் போன் போட்டார். அந்த டெய்லரின் அப்பா இவர் வண்டியில்தான் போயிருந்தார், நம்பரை அழிக்க மறந்திருக்கிறான் மனுஷன். திரையில் பேரைப் பார்த்த டெய்லர் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, யாரு, யாரு?" என்று அலறிய அலறலில் பக்கத்து வீடுகள் எல்லாம் கூடிவிட்டன. பேன்ட் விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றோடு சரி. தன்னிடமிருந்து யாருக்கும் ஒரு போன் போகக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார். எதுவாக இருந்தாலும் நேரில் போய் நின்றுவிடுவார். அதற்கும் சிலர் பயந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த நம்பருக்கு நல்லபடியாகக் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய அக்கா. எடுத்தவுடனே, "பயப்படாதே, யாரும் சாகலை, நான்தான்" என்பாள். பிறகு சாப்பிட்டாயா, சட்டைக்குப் பட்டன் வைத்தாயா என்று கேள்வி மேல் கேள்வி. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இந்தத் தொழிலுக்கு எவனும் பெண் கொடுக்க முன்வரவில்லை என்பதால், அவருக்குச் சொந்தம் என்று சொல்ல அக்காவும் அக்கா பெற்ற மகளும் மட்டுமே மிச்சம். அக்கா வீட்டுக்காரர் போய் வெகுகாலம் ஆயிற்று.

ஊரே அந்த வண்டியைக் கண்டு ஒதுங்கிப் போகும்போது, அக்கா மட்டும் முன்சீட்டில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்து சந்தைக்குப் போவாள். மடியில் காய்கறிப் பை. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "பின்னாடி ஏறறப்போ வெக்கமா இருக்கக்கூடாது பாரு, அதான் முன்னாடியே ஏறிப் பழகிக்கறேன்" என்று சிரிப்பாள். அதோடு நிறுத்த மாட்டாள். "டேய், நாளைக்கு நான் போனா உன் வண்டியிலதான் போவேன். கண்டவன் வண்டியில ஏத்திவிட்டுடாதீங்க." அவர் திட்டுவார். அவளும் விடாமல் அடுத்த தடவையும் அதையே சொல்வாள்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் சரிந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் கட்டில் கிடைத்தது. இவர் தினம் வண்டி போட்டு நிற்கிற அதே ஆஸ்பத்திரிதான்.

முதல் நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அக்காவைப் பார்க்க மாடிக்குப் போனார். வார்டுக்குள் கால் வைத்ததுதான் தாமதம், பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. எதிர்க்கட்டில் கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு பெண் எழுந்து தன் புருஷன் படுத்திருந்த கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள், ஏதோ இவர் பிடுங்கிக்கொண்டு போக வந்தவர்போல. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன் மெதுவாக அருகில் வந்தான்.

"யாருக்கு வந்திருக்கீங்க?"

"எங்கக்காவப் பாக்க வந்தேன்."

"அடடா. காலையிலகூட அந்தம்மா கண்ணு தொறந்து பாத்தாங்களே!"

"இப்பவும் தொறந்துதாம்ப்பா இருக்கு. நல்லாப் பாரு."

அக்கா நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயின் ஒரு ஓரம் துடித்தது. சிரிக்க முயற்சி செய்கிறாள் என்று இவருக்குப் புரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் நர்ஸ் அவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா இங்க பாதிப் பேருக்கு பிரஷர் எகிறுது. ஒருத்தரு சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே கெளம்பிட்டாரு. எல்லாரும் எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

"நான் எங்கக்காவத்தானம்மா பாக்க வரேன்?"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலையே."

அக்கா மகள் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. பகலில் கடை, மற்ற நேரமெல்லாம் அம்மா பக்கத்தில் என்று அலைந்து கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. அவள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க கீழயே இருங்க. நர்ஸைப் பகைச்சுக்கிட்டா அம்மாவுக்குத்தான் கஷ்டம். ஏதாவதுன்னா மொதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். சத்தியமா."

"எந்த நேரமானாலும் பண்ணும்மா. இது எப்பவும் எங்கிட்டயேதான் இருக்கும்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கினார்.

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை அந்தச் சட்டைப்பைக்குள் வந்து ஒடுங்கிவிட்டது. கேட்டுக்கு எதிரே மாலைக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டாம் மாடியில் பச்சைத் திரை போட்ட ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன் அடித்தால், அக்கா மகளாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வார். எடுத்துப் பேசி, வேறு யாரோ வேறு யாருக்காகவோ அழுகிறார்கள் என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகும். அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்வார். அட்ரஸ் கேட்டுக்கொண்டு கிளம்புவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் போன் கம்பெனிக்காரனுக்கு ஊரைத் திருத்துகிற ஆசை வந்தது. வாடிக்கையாளர்களுக்கு மேலும் சிறந்த சேவை வழங்கும் பொருட்டு, பழைய அலைவரிசை நிறுத்தப்படுகிறதாம். பழைய செட் வைத்திருப்பவர்கள் புதியதற்கு மாறி மகிழ வேண்டுமாம். மெசேஜ் மேல் மெசேஜாக அனுப்பினான். அவர் மெசேஜ் படிக்கிற ஜாதி இல்லை. கடன் வேண்டுமா, பல் வெளுக்க வேண்டுமா என்று வருகிற குப்பையோடு குப்பையாக இதையும் அழித்தார். இரண்டு தடவை தேன் குரலில் ஒரு பெண் பேசினாள். "யம்மா, லைனை விடு, முக்கியமான போன் வரணும்" என்று வைத்துவிட்டார். அது பதிவு செய்த குரல் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவருக்கு யாருமே எடுத்துச் சொல்லவில்லை என்று பழி போட முடியாது. ஆஸ்பத்திரி பக்கத்து போன் கடைக்காரர் வலிய வந்து சொன்னார்.

"அண்ணே, இந்த மாசத்தோட உங்க செட்டு செத்துடும். மாத்திக்குங்க."

"சாவு தேதியை எங்கிட்டயே சொல்றியா?"

"வெளையாடாதீங்கண்ணே. புது செட்டு, புது சிம்மு. நம்பர் அதேதான். மாத்துற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் லைன் இருக்காது. சில பேருக்கு ஒரு நாள்கூட ஆகுது."

லாஸ்ட் பஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஒரு நாள்ல எனக்கு ஒரு போன் வந்தா?"

"வராது."

"அதத்தான் கேக்கறேன். வந்தா?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. லைன் இல்லாத அந்த ஒரு நாளில் அக்காவுக்கு ஒன்று ஆகி, மகள் கூப்பிட்டு, இது வேலை செய்யாமல் போனால்? "அக்கா கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். தேதியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. சாலை போடுகிறேன் என்றவன், பாலம் கட்டுகிறேன் என்றவன், எவன் சொன்ன தேதியில் எதைச் செய்தான்? இவனும் இழுத்தடிப்பான் என்று நம்பினார். பாவி, கூப்பிட்டால் எடுக்க ஆளில்லாத கம்பெனி, புகார் சொன்னால் வருஷக்கணக்கில் காத்திருக்க வைக்கிற கம்பெனி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன நாளில் சொன்னபடி செய்து முடித்தது.

அவருடைய போன் செத்தது அவருக்குத் தெரியவில்லை. பட்டனை அழுத்தினால் வெளிச்சம் வந்தது. மணி சரியாகக் காட்டியது. டார்ச் எரிந்தது. காலையில் அலாரம் அடித்து எழுப்பியது. சிக்னல் காட்டுகிற இடம்தான் எப்போதோ கறுத்துப்போயிற்றே. தூரத்திலிருந்து பார்த்தே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிற மனிதர், செத்த ஒன்றை நெஞ்சுக்கு மேலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

போன் அடிக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாள் போயிற்று. அவருக்குச் சவாரியும் இல்லை, அக்காவைப் பற்றிய சேதியும் இல்லை. முதலாவதுக்காக அவர் கவலைப்படவில்லை, இரண்டாவதில் அவருக்கு உச்சி குளிர்ந்தது. மகள் கூப்பிடவில்லையா, அக்கா நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் கூப்பிடவில்லையா, இன்னும் நன்றாக இருக்கிறாள். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

தொழில் படுத்தது ஏன் என்பதற்கும் கைவசம் காரணம் இருந்தது. கேட்டில் புதிதாக ஒரு வண்டி நின்றது. வெள்ளை வெளேரென்று, ஏசியோடு, கண்ணாடிக்கு உள்ளே செயற்கைப் பூ வைத்து. ஓட்டுகிறவன் கழுத்தில் டை கட்டியிருந்தான். எல்லாம் அவன் செல்போன் திரையிலேயே புக் ஆகிவிடுமாம். ஜனங்கள் அவனிடம் போகிறார்கள், போகட்டும் என்று இருந்துவிட்டார். ஆனால் மாலைக்கடைக்காரம்மாவின் வாயை யார் அடைப்பது?

"என்னங்க லாஸ்ட் பஸ்ஸு, உங்களுக்கு மட்டும் ஊர்ல யாருமே சாகறதில்லையா?" என்றாள் பூத் தொடுத்துக்கொண்டே.

டை கட்டினவன் சிரித்தான். "அண்ணன் ரிடையர் ஆயிட்டாருக்கா. பாவம், வண்டிக்கும் வயசாயிடுச்சு."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "யாருடா ரிடையரு? வெளியூர் சவாரி பேசி அட்வான்ஸ் வாங்கியாச்சு. நாளைக்குக் கெளம்புறேன், திரும்பி வர ஒரு வாரம் ஆகும். உங்கள மாதிரி தெருவுக்குத் தெரு ஓட்டறவன் இல்ல நான்."

பச்சைப் பொய். வெளியூருமில்லை, சவாரியுமில்லை. அவர் கிளம்புவதாக இருந்தது குஷன் கடைக்கு. அக்கா தேறிவிட்டாள், எப்படியும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டிருந்தார். அவளை அழைத்துப்போக முன்சீட்டைச் சரி செய்ய வேண்டும். ஸ்பிரிங் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு கிடந்தது. பிண வண்டிக்கு முன்சீட்டில் மெத்தை தைக்கப் போகிறேன் என்று மாலைக்கடைக்காரம்மாவிடம் சொன்னால், சாகும்வரை அதையே சொல்லிச் சிரிப்பாள். அந்த வெட்கத்துக்குப் பயந்து சொன்ன பொய் அது.

குஷன் கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பின்னாடி என்ன மெத்தையா போடணும்? அங்க படுக்கறவங்க யாரும் கொறை சொல்ல மாட்டாங்களே."

"பின்னாடி இல்லய்யா. முன்சீட்டு. எங்கக்கா உக்காரணும். எடதுபக்கம் சாஞ்சுடுவா, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் அணை குடுத்துத் தை. தலை சாய்க்க ஒரு திண்டு. பெல்ட்டு வயித்த அழுத்தக்கூடாது."

"ரெண்டே நாள்ல தந்துடறேன்" என்றார் குஷன் கடைக்காரர். அந்தத் தொழிலில் இரண்டு நாள் என்றால் என்ன என்பது சீட் தைக்கக் கொடுத்த எல்லாருக்கும் தெரியும். "ஆனதும் போன் பண்றேன்."

வெளியூர் போயிருக்கிற மனிதர் கேட்டில் தலை காட்ட முடியாதே. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் தன் அறையிலேயே கிடந்தார். ஒற்றைக் கட்டில், ஒற்றை ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. அறையைக் கூட்டிப் பெருக்கினார். அக்கா வந்தால் இங்கேயே நாலு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டார். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அது அடிக்காமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே பகலிலும் தூங்கினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பகலில் அவரே குஷன் கடைக்கு நடந்தார்.

குஷன் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். "என்னண்ணே நீங்க? வேலை முடிஞ்சு எத்தனை நாளாச்சு, எத்தனை தடவ அடிக்கறது உங்களுக்கு? வண்டி எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. வர்ற கஸ்டமரெல்லாம் வாசல்லயே திரும்பிப் போறான்."

"எங்க அடிச்ச? எனக்கு ஒண்ணும் வரலையே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா? இருங்க." அவர் தன் போனை எடுத்து அடித்து ஸ்பீக்கரில் போட்டார். தேன் குரல் பெண் வந்தாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது சேவையில் இல்லை என்றாள், ரொம்ப மரியாதையாக. லாஸ்ட் பஸ் தன் சட்டைப்பையைப் பார்த்தார். போனை வெளியே எடுத்துப் பட்டனை அழுத்தினார். பளிச்சென்று வெளிச்சம் வந்து மணி காட்டியது.

"இன்னொரு தடவ அடி" என்றார். அடித்தார். அதே குரல்.

கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று அவர் எண்ணிச் சந்தோஷப்பட்ட நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. புதுச் சீட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. மாலைக்கடைக்காரம்மா ஏதோ கூப்பிட்டாள். நிற்காமல் படியேறினார்.

அக்காவின் கட்டிலில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் பன்னைக் கீழே வைத்துவிட்டாள். வார்டு வழக்கம்போல அடங்கியது. அன்று பணியில் இருந்தவள் வேறு நர்ஸ். நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"யாரு உங்களைக் கூப்பிட்டது? இன்னிக்கு இந்த வார்டுல யாரும் சாகலையே."

"எங்கக்கா. இந்தக் கட்டில்லதான் இருந்தா. பக்கவாதம்."

நர்ஸின் முகம் மாறியது. "அவங்க தம்பியா நீங்க? அவங்களக் கொண்டுபோயி நாலு நாளாச்சேண்ணே. உங்களுக்குத் தெரியாதா? அந்த ஏசி வண்டியிலதான் போனாங்க."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ வராண்டாக்களில் இந்தச் சேதி சொல்லப்படுவதை அவர் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். சிலர் கத்துவார்கள், சிலர் சுவரில் முட்டிக்கொள்வார்கள். அவர் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். இரண்டு படி இறங்கினார். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மேலே வந்துகொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டு வேறு படிக்கட்டைத் தேடிப் போனார்கள்.

அக்கா வீட்டுத் தெருவில் வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தார். வாசலில் அக்கா மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த போர்வை, தலையணை உறை, அக்காவின் இரண்டு நைட்டிகள். வாளி காலடியில் இருந்தது. இவரைப் பார்த்தாள். துணியை உதறுவதை நிறுத்தவில்லை.

"சவாரி முடிஞ்சுதா மாமா?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. போன் செத்துப்போச்சும்மா. பழைய செட்டுக்கெல்லாம் லைனை நிறுத்திட்டானாம். நீ கூப்பிட்டது எதுவும் எனக்கு வரல."

"எங்க, காட்டுங்க."

அவர் எடுத்து நீட்டினார். அவள் ஈரக் கையோடு வாங்கிப் பட்டனை அழுத்தினாள். அது அவரை ஏமாற்றிய அதே சுத்தத்தோடு ஒளிர்ந்து மணி காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லம்மா, வெளிச்சம் வரும், ஆனா லைன் வராது. அது வந்து..." அவருக்கே அது அப்பட்டமான சாக்குப்போலத்தான் கேட்டது. மாட்டிக்கொண்டவன் சொல்கிற கதை இப்படித்தான் இருக்கும்.

"அன்னிக்கு மத்தியானமே எல்லாம் முடிஞ்சுது மாமா. மார்ச்சுவரிக்காரங்க வண்டி சொல்லியாச்சா, வண்டி சொல்லியாச்சான்னு வந்து வந்து கேட்டாங்க. எங்க மாமாவே வண்டிதான் வெச்சிருக்காரு, வந்துடுவாருன்னு சொல்லிட்டே இருந்தேன். இருட்டற வரைக்கும் யாரையும் தொட விடல. அந்த டை போட்ட ஆளே பாவப்பட்டு, 'அண்ணன் வெளியூர் சவாரி போயிருக்காரு, வர மாட்டாரு, நான் கொண்டுவிடறேன் தங்கச்சி'ன்னாரு. அப்புறந்தான் விட்டேன்."

"நான் எந்த ஊருக்கும் போகலம்மா."

அவள் கை நின்றது. "அப்ப எங்க இருந்தீங்க?"

"ரூம்லதான் இருந்தேன்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. "அந்த ஆளுங்க கேலி பண்ணாங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வண்டி குஷன் கடையில இருந்துச்சு. உங்கம்மாவக் கூட்டிட்டு வரத்தான் சீட்டு தைக்கப் போட்டேன். வேணும்னா வந்து பாரு. தெருமுனையிலதான் நிக்குது."

அவள் வந்து பார்க்கவில்லை. தெருமுனைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஈரப் போர்வையைக் கொடியில் சீராக இழுத்துவிட்டாள். குரல் மட்டும் இறங்கியது.

"நான் மொதல்ல உங்களுக்குக் கூப்பிட்டது எதுக்குன்னு தெரியுமா மாமா? அம்மா போயிட்டாங்கன்னு சொல்ல இல்ல. அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கூப்பிட்டேன். அம்மாவுக்குப் பேச்சு வந்துச்சு."

லாஸ்ட் பஸ் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கொழறித்தான் வந்துச்சு. ஆனாப் புரிஞ்சுது. மொதல்ல உங்களைத்தான் கேட்டாங்க. அவனை வரச்சொல்லுன்னாங்க. டாக்டர்கூட வரலாம்னுட்டாரு, நர்ஸ்கூட ஒண்ணும் சொல்லல. ஓடி வந்து உங்களுக்குப் போட்டேன். அன்னிக்குப் பூரா போட்டேன். சேவையில இல்லன்னே வந்துச்சு, ஆஃப் பண்ணி வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டுக்கு வந்து பாத்தேன், வண்டி இல்ல. பூக்கடையில வெளியூர் சவாரி, ஒரு வாரம் ஆகும்னாங்க. அம்மா கெடக்கறப்போ சவாரியான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இருந்தாலும் அம்மாகிட்ட அதையேதான் சொன்னேன், வேலையாப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு."

"அக்கா என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. 'நான் செத்தாத்தான் வருவான் போலிருக்கு'ன்னாங்க."

அவள் குனிந்து காலி வாளியை எடுத்துக்கொண்டாள். வாசற்படி ஏறி, கதவில் கை வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்தும் வரலையே மாமா நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.